உரிமை, தயவு, தனிமை: காவிரிப் படுகையில் திரைப்படம் காணும் முறைகள்

ஆய்வுச் சுருக்கம்

கொட்டகையில் திரைப்படம் காண்பதைப் பொதுவெளிச் செயலாகவும், வீட்டில் காண்பதைத் தனிவெளிச் செயலாகவும் பிரித்துப் பார்ப்பது ஆய்வுலகில் பெருவழக்கு. காவிரிப் படுகையின் சமூக வரலாறு இப்பிரிவினைக்கு முழுமையாக இடந்தருவதில்லை. நெற்கூலியும் தெருவழிச் சாதிப் பிரிவும் வேரூன்றியிருந்த இந்நிலத்தில், காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவருக்குக் கொட்டகை இருக்கையுரிமை தந்தது. தொடக்ககால வீட்டுத்திரையோ பெட்டியுடையவரின் தயவைச் சார்ந்திருந்தது. 2006-க்குப் பின் வந்த இலவச வண்ணத் தொலைக்காட்சி அத்தயவை நீக்கியது. அதனோடு கூடியிருந்து காணும் வழக்கத்தையும் குறைத்தது. இம்மாற்றங்களைச் சட்டம், சமூகவியல் ஆய்வுகள், மக்கள் சொல்வழக்கு ஆகிய மூன்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொட்டகை, தரை டிக்கெட், நெற்கூலி, வீட்டுத்திரை, இலவசத் தொலைக்காட்சி, காண்போர்.

1. முன்னுரை

காவிரி கடலொடு கலக்கும் புகாரில் மாதவி ஆடிய அரங்கினைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அளவு கூறி விளக்குகிறது. ஏழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என அதன் அளவுகள் தெளிவாக உள்ளன. ஆடுவோர்க்குரிய இடத்தை இவ்வாறு அளந்துரைத்த காப்பியம், காண்போர் எங்கு, எவர் அருகில், எவ்வரிசையில் அமர்ந்தனர் என்பதை அளந்துரைக்கவில்லை. தமிழ்த் திரைப்பட ஆய்வும் நெடுங்காலம் இதே நிலையில் இருந்தது எனலாம். படத்தின் கதை, பாட்டு, நடிகரின் செல்வாக்கு, அரசியல் விளைவு ஆகியவை விரிவாக ஆராயப்பட்ட அளவிற்குக் காண்போரின் இருக்கை ஆராயப்படவில்லை.

இக்குறையைச் சுட்டிய முன்னோடிகளுள் கா. சிவத்தம்பி முதன்மையானவர். தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்த தமது 1981-ஆம் ஆண்டு நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைநிகழ்விடம் திரையரங்கே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்புவழிப் படிநிலையன்று, வாங்கும் திறனே என்றும் அவர் கருத்துரைத்தார். பின்னர் வந்த ஆய்வுகள் பல இக்கருத்தைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டன. எனினும், வாங்கும் திறனே சாதியொடு பிணைந்திருந்த ஒரு நிலப்பகுதியில் இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதும், திரை வீட்டிற்குள் வந்தபோது அவ்வுரிமை என்னவாயிற்று என்பதும் தனித்து நோக்கத்தக்க வினாக்களாம்.

2. ஆய்வெல்லை

பழைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டம், அதாவது இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள், இக்கட்டுரையின் எல்லையாகும். இப்பகுதியின் ஊரமைப்பைக் குறித்து இரு சமூகவியல் நூல்கள் அடிப்படைச் சான்றுகளாக அமைகின்றன. காத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் களப்பணி செய்தார். அதன் விரிவான பயன் 1981-இல் நூலாயிற்று. ஆந்திரே பெத்தே 1961, 1962-ஆம் ஆண்டுகளில் ‘ஸ்ரீபுரம்’ எனப் புனைபெயரிட்ட ஊரில் தங்கி ஆராய்ந்து, 1965-இல் தம் நூலை வெளியிட்டார். அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என மூன்றாகப் பிரிந்த குடியிருப்பும், அப்பிரிவைக் கடப்பதில் இருந்த தடைகளும் இருவர் நூல்களிலும் விரிவாகப் பதிவாகியுள்ளன. இப்பின்னணியை நீக்கிவிட்டு இப்பகுதியின் திரையரங்கு வரலாற்றை எழுத இயலாது.

3. கொட்டகைக்கு முந்தைய காட்சியிடங்கள்

திரைப்படத்திற்கு முன்னர் இப்பகுதியில் கலைநிகழ்வுகள் கோயில், அரண்மனை, தெரு ஆகியவற்றைச் சார்ந்திருந்தன. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியையொட்டி நிகழும் பாகவத மேளா, வரதராசப் பெருமாள் கோயில்முன் இரவு முழுதும் நடைபெறும் மரபினது. கூத்து, ஊர்ப்பொது இடத்திலோ அந்தந்தத் தெருவிலோ நிகழ்ந்தது. இவற்றைக் காணக் கட்டணம் இல்லை. ஆயினும் கட்டணமின்மையை அனைவர்க்கும் உரிய உரிமையாகக் கொள்ளுதல் பொருந்தாது. நிகழ்வு எத்தெருவில் நடந்ததோ அத்தெருவின் வழக்கமே, எவர் அருகில் அமரலாம், எவர் எட்ட நிற்கவேண்டும் என்பதை வகுத்தது. கோயில் நுழைவே சென்னை மாகாணத்தில் 1939, 1947-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால்தான் உறுதிப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், கோயில்சார் கலைகளின் காண்போர் வட்டம் எத்தகையது என்பது விளங்கும்.

கட்டணம் செலுத்திக் காணும் முறையை இப்பகுதிக்குப் பழக்கியவை நாடகக் குழுக்களே. தஞ்சாவூர்க் கோவிந்தசாமி ராவ் நடத்திய குழுவும், கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டு நடத்திய குழுவும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கன. பாலாமணியின் நாடகங்களைக் காண அயலூரார் தொடர்வண்டியில் வந்து சென்றதைப் பற்றிய செய்திகள் நாடக வரலாற்றில் பெரிதும் பேசப்படுகின்றன. ‘கொட்டகை’, ‘ஆட்டம்’ ஆகிய சொற்கள் கூத்து, நாடகம் ஆகியவற்றின் வழியே திரைப்படத்திற்கு வந்தவை. ‘முதல் ஆட்டம்’, ‘இரண்டாம் ஆட்டம்’ என இன்றும் வழங்கும் தொடர்களில், ஆடுவோர் மறைந்து நிழலுரு வந்த பின்னும் பழைய சொல் நிலைத்திருப்பதைக் காணலாம்.

4. சீட்டு தந்த உரிமை

திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறையில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் படம்காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமிட்டுப் படம் காட்டினார். ஊர்சுற்றும் திரைப்படக் காட்சியின் தொடக்கம் காவிரிக் கரையையொட்டியே அமைந்தது என்பது கருதத்தக்கது. 1931 அக்டோபர் 31-இல் ‘காளிதாஸ்’ வெளியானபின் பேசும்படம் பரவியது. நகரங்களில் நிலையான அரங்குகளும், சிற்றூர்களை அடுத்து ‘டூரிங் டாக்கீஸ்’ எனப்பட்ட கீற்றுக் கொட்டகைகளும் பெருகின. 1955-ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957-ஆம் ஆண்டின் விதிகளும் இவற்றிற்கான உரிமம் வழங்குதலை முறைப்படுத்தின.

இக்கொட்டகைகளின் உள்ளமைப்பு தரை, பெஞ்சு, நாற்காலி என்னும் வரிசையைக் கொண்டது. திரைக்கு அண்மையில் மணற்பரப்பான தரை, அதன்பின் பெஞ்சு, இறுதியில் நாற்காலி. கூத்தில் மேடைக்கு அருகில் அமர்வது சிறப்பு. திரைப்படத்தில் திரைக்கு அருகில் அமர்வது தாழ்வு. இத்தலைகீழ் மாற்றம் ‘தரை டிக்கெட்’ என்னும் தொடரில் படிந்துள்ளது. இருக்கை வகையைக் குறித்த அத்தொடர், பின்னர் ஆரவாரிக்கும் இரசிகரை இழித்துரைக்கும் அடைமொழியாயிற்று. ஒரே கூரையின்கீழ் அமர்ந்தமை உண்மை. அக்கூரைக்குள்ளும் படிநிலை பேசப்பட்டதும் உண்மை.

ஆயினும் இரண்டிற்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தெருவில் எட்ட நின்றவர் எவ்வளவு பொருள் ஈட்டினும் அருகில் வர இயலாது. தரையில் அமர்ந்தவர், கையில் காசு கூடிய ஒருநாள் பெஞ்சுக்குச் சீட்டு வாங்கலாம். எழுப்பிவிடப்படின், ‘சீட்டு வாங்கியிருக்கிறேன்’ எனச் சொல்லும் வாய்ப்பு அவர்க்கு உண்டு. அச்சொல் எப்போதும் வென்றது எனக் கூற இயலாது. ஊரறிந்த முகங்கள் கூடும் சிற்றூர்க் கொட்டகையில் இருட்டு மட்டுமே சமன்செய்யும் கருவி எனவும் வாதிடலாம். எனினும், ஓர் இருக்கையைத் தன்னுடையது எனக் கோருவதற்குப் பிறப்பல்லாத ஒரு சான்று கைக்கு வந்தமை இப்பகுதியின் காட்சி வரலாற்றில் புதியது.

பெண்களைப் பொறுத்தவரை இவ்வுரிமை மேலும் குறுகியது. தரையிலும் பெஞ்சிலும் ஆண், பெண் பகுதிகளைத் தடுப்பால் பிரித்தல் கீற்றுக் கொட்டகைகளில் பொதுவான வழக்கு. இத்தடுப்பு கட்டுப்பாடாக அமைந்ததோடு, குடும்ப ஆணின் துணையின்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிச்சென்று காண்பதற்கான காப்பிடமாகவும் அமைந்தது. பின்னாளில் கொட்டகைகள் மறைந்தபோது பெண்கள் இழந்தவற்றுள் இக்கூட்டுப் பயணமும் ஒன்று.

5. நெல்லும் காசும்

வாங்கும் திறனே இருக்கையைத் தீர்மானித்தது எனின், அத்திறன் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த வினா. கீழத்தஞ்சையின் பண்ணையாட்கள் நெடுங்காலம் கூலியை நெல்லாகவே பெற்றனர். படியும் மரக்காலும் கொண்டு அளந்து வாங்கிய நெல்லைக் கொட்டகை வாயிலில் கொடுத்துச் சீட்டு வாங்க இயலாது. நெல்லை விற்றுக் காசாக்கினால், அவ்வளவிற்கு உணவு குறையும். எனவே நான்கு அணாவின் மதிப்பு, சம்பளக்காரர்க்கும் நெற்கூலி பெற்றவர்க்கும் ஒன்றன்று.

1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இவ்வுறவில் அரசு தலையிட்ட முதன்மை நிகழ்வு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் தீக்கிரையாக்கப்பட்ட கொடுமைக்குப் பின்னணியாக இருந்ததும் நெற்கூலி உயர்வுக் கோரிக்கையே. அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல்லுக்காக உயிர் துறக்க நேர்ந்த நிலத்தில், ‘வாங்கும் திறன்’ என்பதைச் சாதிக்குப் புறம்பான பொருளியல் அளவுகோலாகக் கொள்ள இயலாது. சிவத்தம்பியின் கருத்து இங்குத் திருத்தம் வேண்டுகிறது: இருக்கையை வாங்கும் திறன் தீர்மானித்தது, வாங்கும் திறனைப் பெரும்பாலும் நிலவுடைமையும் சாதியும் தீர்மானித்தன.

இதன் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். கூலி காசாக மாற மாற, அக்காசு செல்லும் வழிகளுள் கொட்டகையும் ஒன்றாயிற்று. சம்பா அறுவடை முடியும் தை மாதம், கையில் காசு புழங்கும் காலம். பொங்கல் வெளியீடுகள் இக்காலத்தோடு இயைந்தன. தீபாவளி வரும் ஐப்பசியோ, பயிர் வளர்ந்துநிற்கும் அடைமழைக் காலம். சிற்றூர்க் காண்போரைப் பொறுத்தவரை திரைப்பட ஆண்டும் வேளாண் ஆண்டும் ஒன்றையொன்று தழுவியே சென்றன.

6. வீட்டுத்திரையும் தயவும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. படுகைப் பகுதியின் சிற்றூர்களுக்கு ஒளிபரப்பு எட்டியது 1980-களில்தான். ஞாயிறு மாலைத் திரைப்படமும் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியும் அக்காலத்தின் பொது நினைவுகள். அப்போது தொலைக்காட்சிப் பெட்டி ஓர் ஊரில் சில வீடுகளில் மட்டுமே இருந்தது. எனவே ‘வீட்டில் படம் பார்த்தல்’ என்பது பெரும்பான்மையோர்க்குப் பிறர் வீட்டில் படம் பார்த்தலே.

இங்குதான் பொதுவெளி, தனிவெளி என்னும் பிரிவு தடுமாறுகிறது. பிறர் வீட்டுக்குள் செல்வதற்குச் சீட்டு இல்லை. வீட்டாரின் இசைவே சீட்டு. கூடத்தில் பாயில் அமர்பவர், திண்ணையில் அமர்பவர், சன்னலுக்கு வெளியே நிற்பவர் எனக் காண்போர் அடுக்கப்பட்டனர். இவ்வடுக்கு, கொட்டகையின் தரை, பெஞ்சு, நாற்காலியைக் காட்டிலும் பழைய தெருக்கூத்தின் அடுக்கினையே ஒத்தது. காசால் கடக்கக்கூடிய எல்லை, காசால் கடக்க இயலாத எல்லையாக மீண்டும் மாறியது. கதவு எப்போது சாத்தப்படும் என்பது காண்போர் கையில் இல்லை. சாத்தப்படின் முறையிட இடமும் இல்லை. ஊராட்சிகளில் வைக்கப்பட்ட பொதுத் தொலைக்காட்சிப் பெட்டி இதற்கு ஒரு மாற்று. ஆயினும் பெட்டி எத்தெருவில் வைக்கப்பட்டது, அதன் சாவி எவரிடம் இருந்தது என்பவை அம்மாற்றின் எல்லையை வகுத்தன.

இதே காலத்தில் பரவிய ஒளிநாடாக் கருவி, மக்கள் வழக்கில் ‘டெக்கு’, வேறொரு முறையை உருவாக்கியது. திருமணம், பூப்புநீராட்டு, கோயில் திருவிழா ஆகியவற்றில் வாடகைக்கு எடுத்துவந்து, தெருவில் பெட்டியை வைத்து, விடியும்வரை மூன்று நான்கு படங்களைத் தொடர்ந்து காட்டினர். இது கொட்டகையும் அன்று, வீடும் அன்று. கூத்தின் இரவைத் திரை எடுத்துக்கொண்ட நிலை. தெருவார் பணம் திரட்டி எடுத்த டெக்கில் தயவுக்கு இடமில்லை. அதன் காண்போர் தெருவின் எல்லையோடு நின்றனர். சேரியின் டெக்கு சேரிக்கும், குடியானவர் தெருவின் டெக்கு அத்தெருவிற்கும் உரியதாயிற்று. ஒரே கூரையின்கீழ் என்ற நிலை, தெருவிற்கொரு திரை என்ற நிலைக்கு மாறியது.

7. இலவசத் தொலைக்காட்சி: தயவின் முடிவு

1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி தொடங்கியதும், கம்பிவட இணைப்புகள் பெருகியதும் வீட்டில் படம் காண்பதை அன்றாட நிகழ்வாக்கின. எனினும் பெட்டியில்லாதோர் சன்னலுக்கு வெளியேதான் நின்றனர். இந்நிலையை மாற்றியது 2006-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமாகும். 2011 வரை ஒன்றரைக் கோடி அளவிலான பெட்டிகள் மாநிலம் முழுதும் வழங்கப்பட்டன. 2011-இல் அரசு கேபிள் நிறுவனம் திங்களுக்கு 70 ரூபாய்க் கட்டணத்தில் இணைப்பளிக்கத் தொடங்கியது.

இத்திட்டத்தை வாக்குக்கான கையூட்டு என்றும் தேவையற்ற செலவு என்றும் விமர்சித்தோர் பலர். காட்சி உரிமை என்னும் நோக்கில் அதன் பொருள் வேறு. கூலித்தொழிலாளர் குடும்பம் ஒன்று, எவர் வாயிலிலும் நிற்காமல் தன் கூரையின்கீழ் படம் காணும் நிலை முதன்முறையாகப் பரவலாயிற்று. கொட்டகைச் சீட்டு ஓர் ஆட்டத்திற்குத் தந்த உரிமையைக் குடும்ப அட்டை நிலையான உரிமையாக்கியது எனலாம். தயவு முடிவுற்றது.

உடன் முடிவுற்றவையும் உண்டு. 1990-கள் தொடங்கியே தேய்ந்துவந்த கீற்றுக் கொட்டகைகள் மறைந்தன. சிற்றூர்களையடுத்த அரங்குகள் பல மூடப்பட்டன அல்லது திருமண மண்டபங்களாயின. சன்னலில் நின்றவர்க்கு அவமதிப்பு நீங்கியது உண்மையே. வெவ்வேறு தெருவினர் ஒரே நேரத்தில் ஒரே காட்சிக்குச் சிரிக்கவும் அழவும் கூடிய இடமும் அதனோடு அருகியது. இழப்பையும் பேற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க இயலாது. இழப்பை மட்டும் பேசும் நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்தவர்களின் பார்வையைத் தாங்கியவை என்பது கவனத்திற்குரியது.

8. இணையத் திரையும் புதிய சீட்டும்

திரையரங்கிற்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட கால இடைவெளி குறித்த பூசல் பெருந்தொற்றுக்கு முற்பட்டது. ‘விஸ்வரூபம்’ படத்தை நேரடி வீட்டு ஒளிபரப்பில் முன்கூட்டியே வெளியிடும் முயற்சி 2013-இல் திரையரங்கு உரிமையாளர்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2015-இல் சேரன் ‘சினிமா டு ஹோம்’ திட்டத்தின்வழி ஒரு படத்தைக் குறுந்தகடாக நேரே வீடுகளுக்கு விற்க முயன்றார். 2020 மார்ச்சில் அரங்குகள் மூடப்பட்டபோது, எதிர்ப்புகளுக்கிடையே அவ்வழி திறந்தது. அவ்வாண்டு மே 29-இல் ‘பொன்மகள் வந்தாள்’ நேரே இணையத்தில் வெளியாயிற்று. 2021 ஜனவரி 13-இல் அரங்குகளுக்கு வந்த ‘மாஸ்டர்’, அதே மாதம் 29-இல் இணையத்திற்கும் வந்தது. இடைவெளி பதினாறு நாளாகச் சுருங்கியது.

இணையத்திரை மீண்டும் கட்டணத்தைக் கொண்டுவந்துள்ளது. ஆயினும் இச்சீட்டு கொட்டகைச் சீட்டு அன்று. இதை வாங்கியவர் அருகில் எவரும் அமர்வதில்லை. சந்தா செலுத்த இயலாதவர் உறவினர், நண்பரின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறுகையில், சன்னலோரத்துத் தயவு வேறுருவில் திரும்புகிறது. 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இந்தியாவில் வீட்டாருக்கு வெளியே கடவுச்சொல் பகிர்வதைத் தடுத்தமை, கதவு சாத்தப்பட்டதன் இன்றைய வடிவமாகும்.

இதற்கு மாறான போக்குகளும் உள. சோழர் தலைநகரின் கதையைக் கூறும் ‘பொன்னியின் செல்வன்’ முதற்பாகம் 2022 செப்டம்பர் 30-இல் வெளியானபோது, நெடுநாள் அரங்கிற்குச் செல்லாதிருந்த முதியோர் குடும்பத்துடன் சென்று கண்டனர். 1950-களில் இதழ்த் தொடராகக் குடும்பத்தில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட கதை, குடும்பமாகச் சென்று காணும் தேவையை உண்டாக்கியது. இன்னொரு முனையில், கீழ்வெண்மணி குறித்துப் பாரதி கிருஷ்ணகுமார் 2005-இல் இயக்கிய ‘ராமய்யாவின் குடிசை’ ஆவணப்படம், வணிக அரங்குகளின் வழக்கமான சுற்றுக்கு வெளியே, கூட்டங்களிலும் திரையிடல்களிலும் காண்போரைச் சென்றடைந்தது. அங்குச் சீட்டும் இல்லை, தயவும் இல்லை. ஒரு வரலாற்றைத் தமதாகக் கொண்டோர் கூடிக் காணும் மூன்றாம் முறை அது.

9. சொல்வழக்குச் சான்று

மேற்கூறிய மாற்றங்களை மக்கள் வழக்கில் உள்ள வினைத்தொடர்கள் தெளிவாகக் காட்டுகின்றன. கொட்டகைக் காலத்துத் தொடர் ‘படத்துக்குப் போனோம்’ என்பது. இதன் எழுவாய் காண்போர், எண் பன்மை, வினை செலவைக் குறிப்பது. பிறர் வீட்டுத் தொலைக்காட்சி, டெக்கு ஆகியவற்றின் காலத்துத் தொடர் ‘படம் போட்டார்கள்’. இங்கு எழுவாய் பெட்டியை இயக்குபவர். காண்போர் தொடரில் இடம்பெறுவதே இல்லை. பெட்டி எல்லார் வீட்டிற்கும் வந்தபின் ‘படம் ஓடுகிறது’ என்னும் தொடர் பெருகியது. படமே எழுவாய், காண்பவரும் காட்டுபவரும் ஒருங்கே மறைந்தனர். இன்று கைப்பேசியில் ‘பார்த்துவிட்டேன்’ என ஒருமையில் முடிகிறது.

இத்தொடர்கள் ஒன்றையொன்று முற்றிலும் நீக்கிவிடவில்லை, அருகருகே வழங்குகின்றன. ‘படம் ஓடுதல்’ கொட்டகையில் ஒரு படம் பல நாள் நிலைத்தலையும் குறிக்கும். ஆயினும் எழுவாய் இடம்பெயரும் திசை தெளிவானது. செல்வோரிலிருந்து போடுவோருக்கும், அவரிடமிருந்து படத்திற்கும், இறுதியில் தனியொருவருக்கும் அது நகர்ந்துள்ளது. திரைப்படச் சொற்களைக் கலைச்சொல்லாக்க நோக்கில் தொகுக்கும் அகராதிகள், காண்போரின் இவ்வினைத்தொடர்களையும் தொகுப்பின் சமூக வரலாற்றிற்குப் பயன்படும்.

10. முடிவுரை

காவிரிப் படுகையில் திரைப்படம் காணும் வரலாற்றை அரங்கிலிருந்து வீட்டிற்கு வந்த நேர்கோட்டுப் பயணமாகக் கருதுதல் போதாது. கொட்டகை குறைபாடுகளுடன் கூடிய உரிமையைத் தந்தது. நெற்கூலி அவ்வுரிமையைப் பலருக்கு எட்டாததாக்கியது. முதற்கால வீட்டுத்திரை உரிமையைத் தயவாக மாற்றியது. இலவசத் தொலைக்காட்சி தயவை நீக்கி மதிப்பைத் தந்தது; விலையாகத் தனிமையைப் பெற்றுக்கொண்டது. இணையத்திரை மூன்றையும் ஒருங்கே கொண்டுள்ளது: சந்தாதாரர்க்கு உரிமை, கடவுச்சொல் பெறுவோர்க்குத் தயவு, இருவர்க்கும் தனிமை.

எனவே காண்போர் ஆய்வில் ‘எங்குக் கண்டனர்’ என்னும் வினாவோடு ‘எவர் இசைவால் கண்டனர்’, ‘எவரோடு அமர்ந்து கண்டனர்’ என்னும் இரு வினாக்களும் எழுப்பப்படவேண்டும். கீற்றுக் கொட்டகைகளின் தரையில் அமர்ந்தவர்களும், சன்னலுக்கு வெளியே நின்றவர்களும் இன்று முதுமையில் உள்ளனர். அவர்தம் வாய்மொழிகளைத் தெருவாரியாகவும் பாலினவாரியாகவும் தொகுக்கும் பணியைத் தமிழியல் துறைகள் காலம் தாழ்த்தாது மேற்கொள்ளவேண்டும். மாதவியின் அரங்கினை அளந்த கோலைக் கொண்டு காண்போரின் இருக்கையையும் அளக்கவேண்டிய காலம் இது.